ஊசி இல்லாத மாதங்கள்

எனக்குக் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றி வாயைத் திறந்தால் அதைத்தான் முதலில் சொல்வார்கள். "ஆள் நல்லவன், ஆனா விசர்க் கோவம்." யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். ஆக்லாந்துக்கு வந்து பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தொடங்கிய பிறகும் சொன்னார்கள். என் மனைவி சொன்னது மட்டும் வேறு. "உங்களுக்கு வாறது கோவமில்லை. என்னவோ ஒண்டு வருது, அதுக்கு நீங்கள் கோவம் எண்டு பேர் வைச்சிருக்கிறியள்." கலியாணம் முடித்த புதிதிலேயே சொல்லிவிட்டாள். அதைக் கேட்டும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பிள்ளை உண்டாகவில்லை என்று டொக்டரிடம் போனோம். டொக்டர் இரண்டு பேரையும் சோதிக்கத்தான் சொன்னார். நான் வேலை, ஷிஃப்ட், நேரமில்லை என்று இழுத்தடித்தேன். அவளை எல்லா விதமாகவும் சோதித்து ஒரு குறையும் இல்லை என்று ஆன பிறகு, சரி, ஒரு மரியாதைக்கு நானும் இரத்தம் கொடுத்தேன். அந்த இரத்தம் கதையை மாற்றிவிட்டது.

விசேட டொக்டர் ஒரு பெண். நிதானமாகச் சொன்னார். ஆண்களுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை குரோமோசோம் இருக்கும். உங்களுக்கு வையோடு எக்ஸ் இரண்டு. பிறக்கும்போதே ஒன்று கூட.

"கூட எண்டால் நல்லதுதானே?" என்று நான் தமிழில் மனைவியிடம் கேட்டேன். அவள் மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள்.

டொக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, யாரோ என் வீட்டுக்குள் கேட்காமல் புகுந்து அலுமாரியைத் திறப்பது போல இருந்தது. நீளமான கால்கள். ஒழுங்காக முளைக்காத தாடி. எப்போதும் களைப்பு. ஆண் ஹோர்மோன் போதாது. சின்ன வயதில் பேச்சு வரப் பிந்தியிருக்கும். மனதுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல் கிடைக்காது. சொல் கிடைக்காதபடியால் பலருக்கு அது கத்தலாக வரும், இல்லாவிட்டால் ஒரேயடியாக ஒடுங்கிப்போவார்கள். "சிலருக்கு மார்பில் சதை வளரும்," என்றார். நான் சட்டையின் முன்பக்கத்தை இழுத்து விட்டுக்கொண்டேன். அதை நான் செய்ததை அவர் பார்த்துவிட்டார். பிள்ளை இல்லாததற்கும் அதுதான் காரணம் என்று கடைசியாகச் சொன்னார்.

அந்த மார்புதான் என் வாழ்க்கையின் பெரிய கரைச்சல். எங்கள் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் அல்லவா? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு திருவிழாவில் கழற்றினேன். என் வகுப்புப் பெடியன்கள் பார்த்த பார்வையும் சிரித்த சிரிப்பும் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போனால் வெளிவீதிதான். ஆக்லாந்தில் கார் பார்க். குடும்பமே உள்ளே கும்பிட, நான் வெளியே செருப்புகளுக்கும் வண்டிகளுக்கும் காவல். ஆட்கள் என்னை நாத்திகன் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிகிச்சை என்றால் ஊசி. சில மாதங்களுக்கு ஒருமுறை, கட்டிலில் குப்புறப் படுக்க வேண்டும். தாதி பின்பக்கத்தில் ஏற்றுவார். நல்லெண்ணெய் மாதிரித் தடித்த மருந்து, மெதுவாகத்தான் ஏறும், உயிர் போகும். ஆனால் அந்த ஊசி செய்த வேலையை என்னவென்று சொல்வேன்! இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் மோட்டர்வேயில் ஒருவன் எனக்குக் குறுக்கே வெட்டினான். நான் பிரேக் பிடித்துவிட்டு ரேடியோவில் போய்க்கொண்டிருந்த செய்தியைக் கேட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்ன, ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? அவனுக்கு அவசரம் போல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீடு வரும்வரை சிரித்தாள். வெஸ்ட்கேட்டில் எங்கள் புது வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அவள் கண் கலங்கியிருந்தது. "இப்பதான் நீங்கள் எங்களோட இருக்கிறியள்," என்றாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் 'எங்களோட' என்றுதான் சொன்னாள்.

கூடவே ஒரு உளவியலாளரிடமும் அனுப்பினார்கள். அவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்: கோபத்துக்கு முன்னால் என்ன இருந்தது? நான் ஒன்றுமில்லை என்பேன். அவர் விடமாட்டார். யோசித்துப் பார்த்தால் முன்னால் பயம் இருக்கும், அல்லது வெட்கம், சில நாட்களில் வெறும் பசி. இந்த வயதில் இருந்து கொண்டு பசியைக் கோபம் என்று நினைத்திருக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. நன்றாக இருக்கிறேன் என்று பட்டதும் அவரிடம் போவதை விட்டுவிட்டேன். சுகமான ஆள் எதற்கு டொக்டரிடம் போவான்?

பிறகுதான் சத்திரசிகிச்சைப் பேச்சு வந்தது. என்னைப் போன்ற சிலருக்கு, விதையைத் திறந்து நுணுக்குக்காட்டியில் தேடினால், ஏதாவது ஒரு மூலையில் உயிருள்ள விந்தணு அகப்படலாம். அகப்பட்டால் எங்களுக்கென்று ஒரு பிள்ளை வரலாம். உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. ஊசி போட்டுக்கொண்டிருந்தால் உடம்பு விந்தணு உண்டாக்காது. ஆகவே சில மாதங்கள் முன்பே ஊசியை நிறுத்த வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்ததும் ஊசியைத் திரும்பத் தொடங்கலாம். "மனம் இறங்கினால் ஒளிக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள்," என்று அந்த விசேட டொக்டர் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டினேன்.

ஊசியை நிறுத்தினால் பழைய ஆள் திரும்பி வருவான். நிறுத்தாவிட்டால் பிள்ளை இல்லை. இதுதான் கணக்கு. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நிறுத்துகிறேன் என்றேன்.

இனி மாமி வருகிறார். என் மனைவியின் அம்மா. ஊரில் இருக்கிறார், ஞாயிறு தவறாமல் வாட்ஸப்பில் முகம் காட்டுவார். குரோமோசோம் கதை அவருக்குத் தெரியாது. யாருக்குமே சொல்லவில்லை. பிள்ளைக்காக எனக்கு ஒரு சின்ன ஒப்பரேஷன் என்று மட்டும் மனைவி சொல்லி வைத்திருந்தாள். திகதியைக் கேட்டதும் மாமி எழும்பிப் போய்ப் பஞ்சாங்கத்தோடு வந்தார்.

"ஐயோ தம்பி, சனி இன்னும் மாறேல்லையே! உங்கட கடக ராசிக்கு அட்டமத்தில எல்லோ நிக்கிறார். இந்த நேரத்தில உடம்பில கத்தி வைக்கிறதே?"

"மாமி, திருக்கணிதத்தின்படி அவர் எப்பவோ மாறிட்டார்."

"நாங்கள் வாக்கியம், தம்பி."

அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவருக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்ப்பவருக்கும் ஒரே சனி வேறு வேறு வீட்டில் இருப்பார், மாதக் கணக்கில் இருப்பார். நான் சிரித்தேன். சிரித்தாலும் பயம் பிடித்துவிட்டது. ஒன்றும் அகப்படாமல் போனால்? அன்றைக்கே சொன்னேனே தம்பி என்று ஆயுள் முழுவதும் கேட்க வேண்டும். மனைவிக்கு இதில் நம்பிக்கை இல்லை. "அம்மாட மனத்துக்காக எண்டால் மாத்துங்கோ, எனக்கு ஒண்டுமில்லை," என்றாள்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பென்ரோஸில் களஞ்சியத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். திகதியைத் தள்ளி வைக்கச் சொன்னேன். குடும்பக் காரணமா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். சனி மாற்றம் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது? அடுத்த இடம் பல மாதங்கள் கழித்துத்தான் கிடைத்தது. நல்லது, வாக்கியச் சனியும் அதற்குள் மாறிவிடுவார்.

ஊசியை நிறுத்தி ஏற்கனவே சில வாரங்கள் ஆகிவிட்டன என்று அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. டொக்டரிடமும் கேட்கவில்லை. திரும்பப் போட்டுவிட்டுப் பிறகு நிறுத்தலாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் என் மூளை வேறு விதமாக ஓடியது. விரதம் மாதிரி. கூட நாள் பிடித்தால் கூடப் பலன். ஊசி இல்லாமல் எவ்வளவு காலம் இருக்கிறேனோ அவ்வளவுக்கு உடம்பு சுத்தமாகும், அவ்வளவுக்குப் பிள்ளை நிச்சயம். படித்தவன்தான் நான். கந்தசஷ்டி பிடிக்கிறவர்கள் தண்ணீரும் குடிக்காமல் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவனும் நான்தான். மருந்தை விடுவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். "டொக்டரைக் கேட்டியளோ?" என்று மனைவி கேட்டதற்கு, "அவைதானே திகதி தந்தவை," என்றேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு களைப்பு வந்தது. எட்டு மணி நேரம் படுத்து எழும்பினாலும் மாடு மேய்த்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். தாடி மெலிந்தது. ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் பால் எடுக்கப் போனவன், எந்தப் பால் என்று முடிவெடுக்க முடியாமல் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டேன். பாலுக்காகவா ஒருவன் அழுவான்! யாரும் பார்க்குமுன் வெளியே வந்துவிட்டேன். பால் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று மனைவி கேட்டபோது கத்தினேன்.

அதன் பிறகு கத்தல்தான். தண்ணீர்க் குழாய் சொட்டினால் கத்தல். அவள் போனில் சிரித்தால் கத்தல். அவள் திருப்பிக் கத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டுகளைச் சத்தம் வராமல் வைக்கத் தொடங்கினாள். கதவைச் சாத்தும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக விடுவாள். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். என்ன, நான் பேயா? என்னை ஏன் இப்படிப் பார்க்கிறாய்? இதையும் கத்தித்தான் கேட்டேன்.

வேலையிலும் வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் மலேசியத் தமிழர், நல்ல மனிதர். ஒரு பலகைத்தட்டில் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கியிருந்தார்கள். பெரிய விஷயமே இல்லை. நான் ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்கிப் போய் இரும்பு ரோலர் கதவில் கையை மடக்கிக் குத்தினேன். ஒருமுறை இல்லை. கை பிளந்து இரத்தம் வந்த பிறகும் குத்தினேன். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். அவர் ஓடி வந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

"டேய், என்னாடா ஆச்சு உனக்கு? போன வருசம் பூரா எவ்ளோ கூலா இருந்தே! வீட்டுல பிரச்சனையா?"

"ஒண்டுமில்லை."

"ஒண்ணுமில்லன்னா கதவ ஏன்டா குத்துறே? போ. ஒரு வாரம் லீவு எடு. மேல நான் பேசிக்கிறேன் லா."

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருந்தேன். கோபத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடினேன். ஒன்றும் இருக்கவில்லை. நான் இல்லாவிட்டால் இந்தக் கரைச்சல் எல்லாருக்கும் முடிந்துவிடும் என்ற நினைப்புத்தான் இருந்தது. அது கத்திக்கொண்டு வரவில்லை. நல்ல யோசனை மாதிரி, அமைதியாக வந்தது. அதுதான் பயங்கரம். எனக்கு அப்போது பயமும் வரவில்லை.

மாமிக்கு விஷயம் போனது; கையில் கட்டோடு நான் வீடியோவில் அகப்பட்டுவிட்டேன். "பாத்தியளே தம்பி! சனி படுத்துற பாடு. இந்த நேரத்தில ஒப்பரேஷன் வைச்சிருந்தா என்னாகியிருக்கும்?" என்றார். பாவம், உண்மையான அன்போடுதான் சொன்னார். நானும் உள்ளுக்குள் ஓம் என்றேன். சனி என்றால் ஒருநாள் போய்விடுவாரே. நானே இப்படித்தான் என்றால் எங்கே போவது? மாமி இங்குள்ள கோயிலுக்கே போன் போட்டு, சனிக்கிழமைப் பூசை ஒன்றை என் பெயரில் ஒழுங்கு செய்துவிட்டார். உபயகாரன் நான். உள்ளே போய் உட்காரத்தான் வேண்டும்.

அன்றைக்கு மழை. கோயில் என்றாலும் இங்கே அது ஒரு பெரிய மண்டபம். கம்பளம் விரித்திருக்கும், மூலையில் மின்சார மேளம் தன்பாட்டில் அடித்துக்கொண்டிருக்கும். நவக்கிரகத்துக்கு முன்னால் எள்ளெண்ணெய்ச் சட்டிகளைத் தாம்பாளத்தில் வைத்து ஏற்றியிருந்தார்கள். ஐயர் தமிழ்நாட்டுக்காரர், இளம் வயது.

"சார், சட்டையைக் கழட்டிட்டு துண்டைப் போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க. சங்கல்பம் பண்ணிடலாம்."

"இல்லை ஐயா, இப்பிடியே செய்யுங்கோ."

"உபயகாரர் இல்லையா சார்... சரி, பரவாயில்ல," என்று அவர் இழுத்தார். விட்டிருப்பார். நான் மூச்சை விட்டுக்கொண்டு உட்காரப் போனேன்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் நிர்வாகத்தில் இருக்கிற ஒரு பெரியவர் பின்னால் வந்தார். பகிடிக்காரர். எல்லாருடைய தோளிலும் கை போட்டுக் கதைக்கிறவர். "என்ன தம்பி, குமர்ப்பிள்ளை மாதிரி வெக்கப்படுறீர்? கழட்டும், கழட்டும்," என்று சிரித்துக்கொண்டே என் மேல் பொத்தானில் கை வைத்தார்.

அவர் மணிக்கட்டை நான் பிடித்தது எனக்குத் தெரியும். தள்ளியது தெரியாது. அவர் தாம்பாளத்தில் போய் விழுந்தார். சட்டிகள் உருண்டன, எண்ணெய் கம்பளத்தில் பரவியது, ஒரு சட்டி எரிந்தபடியே கிடந்தது. யாரோ காலால் மிதித்து அணைத்தார்கள். "தொட்டால் கொல்லுவன்!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல். மின்சார மேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எழும்பி உட்கார்ந்து, வேட்டியில் எண்ணெயோடு, என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, பயம். மனைவி என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். நான் கன்றுக்குட்டி மாதிரிப் போனேன்.

கார்த் திறப்பை என் கையிலிருந்து அவள்தான் வாங்கினாள். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். கண்ணாடியில் மழை ஓடியது. எனக்குள்ளே சத்தம் எல்லாம் நின்றுபோயிருந்தது.

"நான் இல்லாட்டி உமக்கு லேசு," என்றேன்.

"என்ன சொல்லுறியள்?"

"நீர் இளம் ஆள். இன்னொரு கலியாணம் கட்டலாம். பிள்ளையும் பிறக்கும். நான் போறன்."

"எங்கை போறியள்?"

எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தது. பல நாட்களாகவே தெரிந்திருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எல்லாக் கதவுகளையும் ஒரே பொத்தானில் பூட்டிவிட்டுக் காரை எடுத்தாள். வீட்டுக்குத் திரும்புகிற சந்தியில் திரும்பவில்லை. சனிக்கிழமையும் திறந்திருக்கிற எங்கள் கிளினிக்குக்கு நேரே விட்டாள்.

எங்கள் குடும்ப டொக்டர் வளைத்துப் பேசவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தீர்களா என்று நேராகக் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன். அவர் மனநல அவசரப் பிரிவுக்கு அங்கேயே போன் எடுத்துக் கதைத்தார். இன்றிலிருந்து அவர்கள் என்னைத் தனியே விடமாட்டார்கள், வீட்டுக்கே வருவார்கள் என்றார். பிறகு கணினியைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசி ஊசி இந்தத் திகதியில்தானா? இவ்வளவு காலம் இல்லாமல் இருக்க யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். டொக்டரை நான் கேட்கவே இல்லை என்று அவளுக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

டொக்டர் விளக்கினார். ஊசியை இன்றே திரும்பத் தொடங்கலாம். அது மந்திரமில்லை, வாரக் கணக்கு எடுக்கும், உளவியலாளரும் வேண்டும், வேறு மருந்தும் வேண்டியிருக்கலாம். ஆனால் இன்று போட்டால், வருகிற சத்திரசிகிச்சை இல்லை. அதற்கு இன்னும் கொஞ்ச வாரங்களே இருந்தன. "போட வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் உடம்பு உங்களுடையது. இரண்டு பேரும் கதையுங்கள்," என்று சொல்லிவிட்டு, தாதியோடு கதவுக்கு வெளியே போய் நின்றார். கதவை முழுவதாகச் சாத்தவில்லை.

"கொஞ்சக் கிழமைதானே," என்றேன். "இவ்வளவு காலம் இருந்திட்டன். இதையும் இருந்திடுவன்."

"இருந்தியளோ?" என்றாள். "நீங்களோ இருந்தனீங்கள்?"

"எல்லாம் உமக்காகத்தானே! உமக்குப் பிள்ளை வேணும் எண்டுதானே நான் இந்தக் கோதாரியெல்லாம் படுறன்!" கிளினிக் என்றும் பார்க்காமல் குரல் எழும்பிவிட்டது.

"நான் எப்ப கேட்டனான்?" அவள் குரல் எழும்பவில்லை. "அம்மா கேட்டவ. உங்கட அக்கா கேட்டவ. பாட்டனி டவுன்ஸில ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில, பேர் தெரியாத ஒரு மனிசி என்ர வயித்தைத் தொட்டுக் கேட்டவ. நான் நாள் முழுக்க டே கெயரில ஊரார்ட பிள்ளையளுக்கு மூக்குத் துடைக்கிறன், அங்கையும் கேக்கினம். நீங்கள் ஒருநாளும் என்னட்டைக் கேக்கேல்லை. நேரா ஊசியை நிப்பாட்டினீங்கள்."

கை மடங்கியது. குத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"வேலையால வந்து வீட்டு வாசல்ல காரை விட்டிட்டு உங்களுக்கு கோல் எடுக்கிறனான் எல்லோ?" என்றாள்.

ஓம். ஒவ்வொரு நாளும் எடுப்பாள். வாசலில் நின்றுகொண்டு என்னத்துக்குக் கோல், கதவைத் திறந்துகொண்டு வாருமன் என்று நான் போனிலேயே கத்துவேன்.

"நீங்கள் கத்தினாத்தான் நான் இறங்குவன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் கதவைத் திறக்கத் துணிவு வரும். ஒருநாள் நீங்கள் குளிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறியள், எடுக்கேல்லை. நான் உள்ளுக்கு வரேல்லை. வந்தா என்னத்தைப் பாப்பனோ எண்டு காருக்குள்ளேயே இருந்தனான். நீங்கள் திருப்பி எடுத்துக் கத்தும் வரைக்கும் இருந்தனான்."

அவள் அழவில்லை. எனக்கு வந்தது கோபமில்லை. பயம். என்னை நினைத்து இல்லை. வாசலில், காருக்குள், போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்த அவளை நினைத்து. இவ்வளவு மாதமும் நான் ஒரு பிள்ளைக்காகப் பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்தேன். என்னோடு சேர்ந்து அவளும் கிடந்திருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை.

நான் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன். ஊசியைப் போடுங்கள் என்றேன்.

தாதி மருந்தைக் கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்தார். நான் கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்தேன். மனைவி தலைமாட்டில் வந்து நின்றாள். இன்னொரு தரம் இதை நிறுத்துகிற துணிவு எனக்கு வராது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தாதி பின்பக்கத்தைத் துடைத்தபோது குளிர்ந்தது.

"கொஞ்சம் பொறுங்கள்," என்று தாதியிடம் சொன்னேன். தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தேன். அவள் தாடைதான் தெரிந்தது.

"இஞ்சரும். உமக்குப் பிள்ளை வேணுமோ?"

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "நல்லா வேணும்."

பிறகு தாதியைப் பார்த்து, ஆங்கிலத்தில், போடுங்கள் என்றாள்.